கிரீன் டீ குடிக்கலாம், மாத்திரையை நிறுத்தலாமா?

"தினமும் மூணு கப் கிரீன் டீ, மூணே மாசத்தில் சர்க்கரை போயே போச்சு!" இப்படி ஒரு தகவல் உங்கள் வாட்ஸ்அப்புக்கும் வந்திருக்கும். ஞாபக மறதிக்கும் அதுவே மருந்து என்று கூடவே ஒரு வரி இருக்கும். இதை நம்பி மாத்திரையை நிறுத்தினால் என்ன ஆகும்? வெள்ளகவி மாதிரி ஓர் ஊரை வைத்து யோசித்துப் பாருங்கள்.

கொடைக்கானலுக்கும் கும்பக்கரைக்கும் நடுவே மலைச்சரிவில் இருக்கிறது வெள்ளகவி. காபி விளையும் ஊர். வண்டிச்சாலை இல்லாமல் தலைமுறை தலைமுறையாக நடந்தே ஏறி இறங்கியவர்கள் அந்த மக்கள். உடம்பு முடியாதவர்களை டோலி கட்டித்தான் தூக்கி வந்தார்கள். டவுனில் சர்க்கரை திடீரென்று எகிறினால் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போய்விடலாம், மலையில் அது முடியாது. ஊருக்குள் செருப்புப் போடாத வழக்கமும் அங்கே உண்டு. சர்க்கரை கட்டுக்குள் இல்லாமல் கால் மரத்துப்போனால் முள் குத்தினாலும் தெரியாது. வெறுங்காலில் நடக்கும் சர்க்கரை நோயாளிகள் எந்த ஊராக இருந்தாலும் தினமும் ராத்திரி உள்ளங்காலைப் பார்த்துவிட்டுப் படுங்கள்.

சரி, கிரீன் டீயில் ஒன்றுமே இல்லையா? இருக்கு. நாம் குடிக்கும் சாதா டீயும் கிரீன் டீயும் ஒரே செடியின் இலைதான். பறித்த இலையைக் கறுக்க விடாமல் உடனே ஆவியிலோ சூட்டிலோ பக்குவப்படுத்துவதால் கேட்டச்சின் என்ற சத்து அதில் அதிகம் தங்குகிறது. 2011-ல் 14 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், கெட்ட கொழுப்பான எல்.டி.எல். குறைந்தது உண்மை. எவ்வளவு? சராசரியாக 2 மில்லிகிராம் சொச்சம். 160 இருப்பவருக்கு 158 ஆனால் டாக்டர் மருந்தை மாற்றுவாரா? உடல் எடை விஷயத்தில் 2012-ல் வந்த காக்ரேன் ஆய்வுத் தொகுப்பும் பெரிய பலன் இல்லை என்றே சொன்னது.

மூளை விஷயம் இன்னும் சுவாரஸ்யம். ஜப்பானில் 70 வயது தாண்டிய 1,003 பேரிடம் நடந்த ஆய்வு 2006-ல் வெளியானது. தினமும் இரண்டு கப்புக்கு மேல் குடிப்பவர்களிடம் அறிவுத்திறன் குறைபாடு குறைவாக இருந்தது. ஆனால் டீதான் காரணமா, அல்லது தெளிவாக இருப்பவர்கள்தான் நாலு பேரோடு உட்கார்ந்து டீ குடிக்கிறார்களா? அந்த மாதிரி ஆய்வால் இதைப் பிரித்துச் சொல்ல முடியாது. ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் நடுவயதிலேயே கட்டுக்குள் வைப்பது பிற்கால மறதி நோயின் ஆபத்தைக் குறைக்கும் என்பதற்கு இதைவிட வலுவான ஆதாரம் இருக்கிறது.

அப்போ லாபம் எங்கே? சர்க்கரை டப்பாவில்! ஒரு கப்புக்கு இரண்டு டீஸ்பூன் என்றால் சுமார் 10 கிராம். நாளுக்கு நாலு கப் குடிப்பவர் அதற்குப் பதில் சீனி போடாத கிரீன் டீக்கு மாறினால், 40 கிராம் சீனி மிச்சம். வெள்ளகவிக்காரர் சீனி இல்லாத கடுங்காப்பிக்கு மாறினாலும் இதே கணக்குதான்.

சாப்பாட்டோடு மட்டும் குடிக்காதீங்க. உணவிலுள்ள இரும்புச்சத்தை உடம்பு எடுத்துக்கொள்வதை டீ தடுக்கும். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருப்பதாக ஐந்தாவது தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது. சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் இடைவெளி விடுங்கள், இரும்புச்சத்து மாத்திரைக்கும் அப்படித்தான். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுபவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடங்க வேண்டாம். ஆன்லைனில் விற்கும் கிரீன் டீ சாறு மாத்திரைகள் வேறு சங்கதி. அதிக அளவில் எடுத்தால் கல்லீரலே பாதிக்கப்படலாம்.

பாக்கெட்டில் 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண் இருக்கிறதா என்று பாருங்கள். 'சர்க்கரை நோயைக் குணமாக்கும்' என்று உணவுப்பொருளில் அச்சிடவே கூடாது. அப்படி இருந்தால் படம் எடுத்து 'ஃபுட் சேஃப்டி கனெக்ட்' செயலியில் புகார் கொடுக்கலாம்.

2021 ஆகஸ்ட் 5-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. உங்கள் வீட்டுப் பெரியவருக்கு வரவில்லையென்றால் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதியுங்கள். மாத்திரை பற்றிச் சந்தேகம் வந்தால் 104-ஐ அழையுங்கள். பெயர் ஞாபகம் இல்லையா? மாத்திரை அட்டையை இப்பவே ஒரு படம் எடுத்து போனில் வைத்துக்கொள்ளுங்கள்.