சாமாயிகத்தின் ஐந்தாம் அதிசாரம்

சிராவகர்க்குரிய விரதங்கள் பன்னிரண்டு. அணுவிரதம் ஐந்து, குணவிரதம் மூன்று, சிக்ஷாவிரதம் நான்கு என்று நம் சிறுவர்கள் ஒப்பிப்பதைக் கேட்டிருக்கிறோம். சாமாயிகம் இவற்றுள் சிக்ஷாவிரத வகையைச் சார்ந்தது. சிக்ஷை என்றால் பயிற்சி. ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்த நமக்கு இச்சொல்மீது தனிப்பற்று உண்டு. பயிற்சி என்பது ஒருமுறை கற்று முடித்துச் சான்றிதழ் பெறுவதன்று. நாள்தோறும் செய்து, நேர்ந்த பிழையைக் கண்டு, மறுநாள் திருத்திக்கொள்வது. அதனாலேயே நம் ஆசாரியர்கள் விரதங்களைக் கூறியதோடு நில்லாமல், அவற்றைக் கைக்கொள்வோர் வழுவக்கூடிய இடங்களையும் அதிசாரங்கள் எனத் தொகுத்து வைத்தனர்.

சாமாயிகத்தின் அதிசாரங்கள் ஐந்தெனத் தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயம் கூறுகிறது. உடலையும் உரையையும் உள்ளத்தையும் தகாத வழியில் செலுத்துதல் முதல் மூன்று. ஆர்வமின்றிச் செய்தல் நான்காவது. ஐந்தாவது, நினைவு நிலைபெறாமை. இதற்கு ஒருமுகப்படாமை என்று பூஜ்யபாதர் தம் சர்வார்த்தசித்தி உரையில் பொருள் தருகிறார். வாய் மந்திரம் சொல்லிக்கொண்டிருக்கும். எத்தனையாவது முறை என்பது தெரியாது. சொன்னோமா இல்லையா என்பதும் தெரியாது. இக்கட்டுரை இவ்வைந்தாவதைப் பற்றியதே. மற்ற நான்கையும் ஓரளவு வென்றுவிட்டோம் என்று நாம் எண்ணியிருந்த காலத்தில்தான் இது நம்மைப் பிடித்துக்கொண்டது.

சில ஆண்டுகளுக்கு முன் ஐப்பசியில் ஒரு மாலை. வானம் இருண்டு மழை வரும்போல் இருந்தது. கதிரவன் மறைவதற்குள் வீட்டார் உண்டு முடிக்க வேண்டும். அதன்பின் நாம் மாலைச் சாமாயிகத்துக்கு அமர வேண்டும். மருமகள் அலுவலகத்திலிருந்து இன்னும் திரும்பவில்லை. இடையில் தொலைபேசி மணி அடித்தது. பேசிக்கொண்டே சோறு வடித்தோம். வடித்த கஞ்சியை ஆறவிடும் பொறுமையின்றி, கொல்லையில் துவைக்கும் கல்லை ஒட்டி ஓடும் கால்வாயில் கொதிக்கக் கொதிக்க ஊற்றினோம். பின்னால் வந்த பேத்தி "ஆயா, எறும்பு" என்றாள். வேறொன்றும் சொல்லவில்லை. மழைக்கு முன் முட்டைகளைத் தூக்கிக்கொண்டு கரையேறிக்கொண்டிருந்த நீண்ட வரிசை அது. கஞ்சியின்மேல் வெள்ளை வெள்ளையாக மிதந்தவை சோற்றுப் பருக்கைகள் அல்ல என்பதைக் கண் தெளிந்த பிறகே கண்டோம்.

அன்று மாலையும் இரண்டு நாழிகை அமர்ந்தோம். கடிகாரப்படி 48 நிமிடங்களில் ஒன்றும் குறையவில்லை. ஆனால் உயிர்கள்தோறும் சமநிலை கொள்வதற்கென ஏற்பட்ட ஒரு விரதத்துக்கு நேரமாகிவிட்டது என்று பதறித்தானே அவ்வுயிர்களை அழித்தோம்! அதை நினைக்க நினைக்க மந்திரம் நெஞ்சில் நிற்கவில்லை.

"தெரியாமல் நடந்துவிட்டது, விடுங்கள்" என்று உறவினர் தேற்றினர். தெரியாமல் என்பது உண்மையே. ஆனால் நம் நூல்கள் அந்த இடத்தில் அத்துணை எளிதாக விடுவதில்லை. தத்துவார்த்த சூத்திரம் இம்சைக்கு இலக்கணம் கூறும்போது, பிரமாதம் என்னும் விழிப்பின்மையோடு கூடிய செயலால் உயிரைப் போக்குதல் என்றே கூறுகிறது. பொன்னூர் மலையில் நாம் திருவடி வணங்கும் குந்தகுந்தரோ பிரவசனசாரத்தில் இன்னும் ஒரு படி மேலே செல்கிறார். உயிர் இறந்தாலும் இறவாவிட்டாலும் கவனமற்று நடப்பவனுக்கு இம்சை உறுதி. சமிதிகளைக் காத்து விழிப்புடன் நடப்பவனுக்கு, நேர்ந்துவிட்ட உயிர்க்கேட்டினால் மட்டும் பந்தம் இல்லை என்பது அவர் கருத்து. அப்படியானால் அன்று கால்வாயில் எறும்பே இல்லாதிருந்தாலும் நாம் குற்றவாளியே. அதற்கு முந்தைய நாளும், அதற்கு முந்தைய வாரமும் பார்க்காமல் ஊற்றினோமே, அவையும் கணக்கில் உண்டு. இந்தச் சிந்தனை நமக்குத் துன்பம் தந்தது. வழியையும் அதுவே காட்டியது. இறந்த எறும்பை எழுப்ப இயலாது. விழிப்பின்மையைத் திருத்த இயலும்.

நம் தாயார் எழுத்தறியாதவர். வெந்நீரையோ கஞ்சியையோ ஆறாமல் தரையில் ஊற்ற அவர் விட்டதில்லை. கிணற்று நீரைத் துணியில் வடிகட்டியபின், அத்துணியை அதே கிணற்று நீரில் அலசிவிடுவார். துணியில் தங்கிய சிற்றுயிர்கள் தம் இடம் சேர வேண்டுமல்லவா? அரிசியை முறத்தில் பரப்பிப் பகல் வெளிச்சத்தில் பார்ப்பார். இவ்வொழுக்கங்கள் ஒவ்வொன்றும் கையை ஒரு கணம் நிறுத்திக் கண்ணுக்கு வேலை கொடுத்தன. இன்று நீரைத் தூய்மையாக்கும் கருவி சுவரில் தொங்குகிறது. நீர் தூயதாகத்தான் வருகிறது. நிற்பதற்கு ஒரு கணமும், பார்ப்பதற்கு ஒரு கண்ணும் அங்கே தேவைப்படவில்லை.

முனிவர்க்குரிய ஐந்து சமிதிகளும் இதே பாடத்தையே முழுமையாகக் கற்பிக்கின்றன. ஈரியா சமிதியில் பகலொளியில் முன்னே நான்கு முழ நிலத்தைப் பார்த்து நடக்கிறார்கள். நான்கு முழம் என்பது ஏறத்தாழ ஆறடி. அதற்கப்பால் உள்ளதைப் பற்றிய கவலை அந்த அடியை எடுத்து வைக்கும்போது இல்லை. ஆதான நிக்ஷேபண சமிதியில் ஒரு பொருளை எடுக்கும் முன்னும் வைக்கும் முன்னும் பார்த்து, மயிற்பீலியால் மெல்லத் துடைக்கிறார்கள். இல்லறத்தார் இவற்றைத் தம் ஆற்றலுக்கேற்பப் பயிலலாம். மூக்குக்கண்ணாடியை எங்கே வைத்தோம் என்று நாளுக்கு மூன்று முறை வீடெங்கும் தேடும் நம்மைப் போன்றோர்க்கு இச்சமிதி மிகவும் பயன்படும்!

பாஷா சமிதியைப் பற்றி ஆசிரியர் என்ற முறையில் ஒன்று கூற விழைகிறோம். பயிற்சி மாணவியரின் வகுப்புகளில் கடைசிப் பெஞ்சில் அமர்ந்து குறிப்பெழுதுவது நம் பணி. அவர்கள் கேள்வி கேட்பர். பிள்ளை வாய் திறக்கும் முன் வேறொரு பிள்ளையைச் சுட்டுவர், அல்லது விடையைத் தாமே சொல்லிவிடுவர். அமெரிக்கக் கல்வியாளர் மேரி பட் ரோ 1970களில் இதை ஆராய்ந்து வெளியிட்டார். கேள்விக்குப் பின் ஆசிரியர்கள் காத்திருந்தது சராசரியாக ஒரு விநாடி. அதை மூன்று விநாடிக்கு மேல் நீட்டியபோது பிள்ளைகளின் விடைகள் நீண்டன. வாய் திறவாதிருந்த பிள்ளைகளும் பேசலாயினர். இதைக் கற்பித்துவிட்டு வீடு திரும்பிய நாம், பெற்ற பிள்ளைகளிடம் மூன்று விநாடி காத்திருந்தோமா? பெரும்பாலும் இல்லை. மகன் ஒருநாள், "அம்மா, கேள்வியும் நீங்களே, பதிலும் நீங்களே" என்று சிரித்துக்கொண்டே சொன்னான். சிரிப்போடு சொன்னதால் அன்று அது நமக்கு உறைக்கவில்லை.

சாமாயிகம் ஏன் இரண்டு நாழிகை? ஒரு நாளின் முப்பதில் ஒரு பங்கு ஒரு முகூர்த்தம். அதுவே இரண்டு நாழிகை. மனத்தை ஒரே பொருளில் நிறுத்தும் தியானம், உத்தம உடலமைப்பு உடையவர்க்கும் ஒரு முகூர்த்தத்துக்குள் அடங்கியதே எனத் தத்துவார்த்த சூத்திரத்தின் ஒன்பதாம் அத்தியாயம் கூறுகிறது. மனம் ஓடிவிடுகிறதே என்று வருந்தும் குடும்பத் தலைவியர்க்கு இதைவிட ஆறுதலான செய்தி வேறில்லை. அது ஓடும் என்பதை அறிந்தே நியமம் வகுத்திருக்கிறார்கள். ஓடியதை அறிந்து மீட்டுக்கொள்வதே அன்றாடப் பயிற்சி. மன அமைதிக்கெனக் கட்டணம் செலுத்தி வகுப்புக்குச் செல்வோரை நாம் குறை கூறவில்லை. செல்லும் முன் நம் வீட்டு அலமாரியில் உள்ள நூலையும் ஒருமுறை திறந்து பார்க்கலாம்.

காலை ஏழரைக்குப் பேருந்தைப் பிடிப்பவர்க்கு இரண்டு நாழிகை கிடைப்பது அரிது. அவர்கள் ஒரு காயோத்சர்க்கத்திலிருந்து தொடங்கலாம். பஞ்ச நமஸ்காரம் ஒன்றுக்கு மூன்று மூச்சு. மூச்சை உள்ளிழுக்கையில் அருகரை, விடுகையில் சித்தரை. அடுத்த மூச்சில் ஆசாரியரை, உபாத்தியாயரை. மூன்றாவது மூச்சு முழுவதும் சாதுக்களை நினைக்க வேண்டும். இவ்வாறு ஒன்பது முறை சொன்னால் 27 மூச்சு. இரண்டு மூன்று நிமிடங்களுக்கு மேல் ஆகாது. அடுப்பு மூட்டும் முன் ஒருமுறை, வீட்டை விட்டு இறங்கும் முன் ஒருமுறை என்று நின்று செய்யலாம். எண்ணிக்கை தவறினால் தொடக்கத்துக்குத் திரும்பவேண்டும் என்பது நாமே நமக்கு விதித்துக்கொண்டது. முதல் வாரத்தில் நான்காவது நமஸ்காரத்தைத் தாண்டியதே இல்லை. இதைச் சாமாயிகம் என்று பெயரிட்டுத் திருப்தி அடையவும் கூடாது. அதற்குரிய நேரம் ஓய்வு நாள்களிலேனும் ஒதுக்கப்படவேண்டும்.

இப்போது நம் வீட்டில் கஞ்சி அகன்ற பாத்திரத்தில் வடிக்கப்படுகிறது. அது கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறும்வரை அடுக்களை வாயிலில் நின்று காயோத்சர்க்கம் செய்கிறோம். பேத்தி இப்போது மேல்நிலை வகுப்பில் படிக்கிறாள். கால்வாயைப் பார்த்து வருவது அவள் பொறுப்பு. நாம் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு கொல்லைப் படியில் இறங்கும்போது சில நாள்களில் அங்கிருந்து அவள் குரல் வரும்: "இரு ஆயா, வரிசை இன்னும் முடியவில்லை."