சுழலும் எஞ்சினில் தீப்பொறியின் நேரம்

முதல் உலகப் போர்க் காலத்து விமானம் ஒன்று புல்தரையில் நிற்கிறது. மெக்கானிக் அதன் மர புரொப்பெல்லரை இரு கைகளாலும் பற்றிக்கொண்டு, ஸ்விட்ச் மூடியிருக்கிறதா என்று விமானியைக் கேட்டு உறுதி செய்துகொள்கிறார். சிலிண்டர்களுக்குள் பெட்ரோல் கலவை சேரும்படி இரண்டு மூன்று முறை மெதுவாகச் சுற்றுகிறார். அடுத்து "கான்டாக்ட்!" என்ற குரல். ஓங்கி ஒரு வீச்சு. மெக்கானிக் பின்னால் துள்ளி விலக, எஞ்சின் உயிர் பெறுகிறது.

இந்தக் காட்சியில் வியப்பான ஒன்று உண்டு. சுழல்வது புரொப்பெல்லர் மட்டுமன்று. அதோடு சேர்ந்து எஞ்சினின் சிலிண்டர்கள் அனைத்தும் சுழல்கின்றன! இதுவே ரோட்டரி எஞ்சின். சில கார்களில் வந்த வாங்கல் எஞ்சினையும் ரோட்டரி என்பார்கள். அது வேறு, இது வேறு.

பிரான்ஸ் நாட்டின் செகென் சகோதரர்கள் உருவாக்கிய 'நோம்' எஞ்சின்தான் இவ்வகைக்குப் புகழ் தேடித் தந்தது. 1909 ஆகஸ்டில் ரீம்ஸ் நகரில் நடந்த விமானப் போட்டியில், இந்த எஞ்சினைப் பொருத்தி ஹென்றி ஃபார்மன் சுமார் 180 கிலோமீட்டர் பறந்து நெடுந்தூரப் பரிசை வென்றார். 50 குதிரைத்திறன் தந்த அந்த எஞ்சினின் எடை சுமார் 75 கிலோகிராம்தான். பின்னர் லெ ரோன், கிளெர்ஜே என்ற எஞ்சின்கள் வந்தன. 1917இல் போர்முனைக்கு வந்த சாப்வித் கேமல் விமானத்தில் இருந்தவை இவையே.

சாதாரண எஞ்சினில் சிலிண்டர்கள் அசையா. கிராங்க் தண்டு சுழலும். ரோட்டரியில் கிராங்க் தண்டு விமானத்தோடு இறுகப் பிணைக்கப்பட்டிருக்கும். சிலிண்டர்கள் அதைச் சுற்றி வரும். சிலிண்டர்களே காற்றைக் கிழித்துக்கொண்டு ஓடுவதால் தாமாகவே குளிர்கின்றன. தண்ணீர்த் தொட்டி வேண்டாம், கனமான சமன்சக்கரம் வேண்டாம். எடை குறைந்ததன் இரகசியம் இதுதான்.

கிராங்க்கின் வளைவு மேல்நோக்கி நிற்பதாகக் கொள்வோம். அப்படியானால் எந்தச் சிலிண்டர் செங்குத்தாக உச்சிக்கு வருகிறதோ, அதனுள் பிஸ்டன் தன் ஓட்டத்தின் எல்லையைத் தொட்டு நிற்கும். இதை மேல் நிலைப்புள்ளி என்கிறோம். அடைபட்ட கலவை மிகவும் நெருக்கப்படுவது இங்கேதான். தீப்பொறியை இங்கேயே கொடுத்துவிடலாமே என்று தோன்றும். ஆனால் கலவை ஒரே கணத்தில் எரிந்துவிடுவதில்லை. தீ ஒரு முனையில் பற்றி மறுமுனைவரை பரவ வேண்டும். ஆகவே உச்சிக்குச் சற்று முன்னதாகவே பொறி பறக்க வேண்டும்.

எவ்வளவு முன்னதாக? 25 பாகை என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடுவோம். நிமிடத்துக்கு 1200 சுற்று என்றால் வினாடிக்கு 20 சுற்று, அதாவது 7200 பாகை. 25 பாகையைக் கடக்க 25/7200 வினாடி, ஏறத்தாழ மூன்றரை மில்லிவினாடி ஆகும். அழுத்தம் ஏறுவதற்குக் கிடைக்கும் அவகாசம் அவ்வளவே.

பொறி பிந்தினால் பிஸ்டன் திரும்பி ஓடத் தொடங்கிய பிறகே அழுத்தம் ஏறும், திறன் குறையும், எரிந்து முடியாத தீ வெளியேற்று வால்வைச் சுட்டுப் பொசுக்கும். மிகவும் முந்தினால், ஏறிவரும் பிஸ்டனையே அழுத்தம் எதிர்த்துத் தள்ளும். ஓடும் எஞ்சின் தன் நிலைமத்தால் அதை மீறிச் சென்றுவிடும். கையால் சுற்றித் தொடங்கும்போது வேகம் ஏது? புரொப்பெல்லர் எதிர்த்திசையில் உதைக்கும். கையை எடுக்கத் தாமதித்தவருக்கு எலும்பு முறிவுதான்.

இனி, சுற்றிக்கொண்டே இருக்கும் சிலிண்டருக்கு மின்சாரம் எப்படிப் போகிறது என்று காண்போம். மாக்னட்டோ என்பது நிலைக்காந்தத்தின் நடுவே கம்பிச்சுருள் சுழலும் ஒரு சிறு மின்னாக்கி. அதன் முதன்மைச் சுற்றில் மின்னோட்டம் பெருகி நிற்கும் கணத்தில் இரண்டு தொடுமுனைகள் விலகுகின்றன. மின்னோட்டம் அறுபடுகிறது; காந்தப்புலம் சரிகிறது; துணைச் சுற்றில் ஆயிரக்கணக்கான வோல்ட் தூண்டப்படுகிறது. மாக்னட்டோ ஒரு முறை சுற்றினால் இரண்டு பொறிகள். இந்தக் கருவி எஞ்சினின் பின்னே, அசையாத தட்டில் உட்கார்ந்திருக்கும். எஞ்சினோடு சுழலும் பற்சக்கரம் அதை ஓட்டும். உயர் மின்னழுத்தம் ஒரு கரித்துண்டு பிரஷ்ஷுக்கு வரும். பிரஷ் அசையாது, அதை உரசிக்கொண்டு எஞ்சினோடு ஒரு காப்பு வளையம் சுழலும். வளையத்தில் சிலிண்டருக்கு ஒன்றாகப் பித்தளைத் துண்டுகள். ஒவ்வொரு துண்டிலிருந்தும் வெறும் பித்தளைக் கம்பி ஒன்று தன் ஸ்பார்க் பிளக்குக்கு ஓடும்.

ஒன்பது சிலிண்டர் எஞ்சினை எடுத்துக்கொள்ளுங்கள். நான்கு வீச்சு எஞ்சின் ஆதலால் ஒவ்வொரு சிலிண்டரும் இரண்டு சுற்றுக்கு ஒரு முறைதான் வெடிக்க வேண்டும். ஆனால் பித்தளைத் துண்டோ ஒவ்வொரு சுற்றிலும் பிரஷ்ஷைத் தொடுகிறதே! ஒன்றுவிட்டு ஒரு முறை மட்டும் பொறி எப்படிக் கிடைக்கிறது? என் வகுப்பில் பாதிப் பேர் தடுமாறும் இடம் இது.

ஒரு தாளில் வட்டம் வரைந்து, சம இடைவெளியில் 1 முதல் 9 வரை புள்ளிகள் இடுங்கள். அடுத்தடுத்த புள்ளிகளுக்கு இடையே 40 பாகை. இரண்டு சுற்றில், அதாவது 720 பாகையில், ஒன்பது பொறிகள் வேண்டும். எனவே 80 பாகைக்கு ஒன்று. பென்சிலை 1இல் வைத்து ஒரு புள்ளி விட்டு ஒரு புள்ளியாகத் தாவுங்கள்: 1, 3, 5, 7, 9. அடுத்த தாவலில் 1ஐத் தாண்டி 2இல் விழுவீர்கள்! பிறகு 4, 6, 8, மீண்டும் 1. இரண்டு சுற்றில் எல்லோருக்கும் ஒரு முறை பரிமாறியாயிற்று. விட்டுப்போன புள்ளியிலும் பிரஷ் தொடத்தான் செய்கிறது. அந்நேரம் மாக்னட்டோவில் பொறி இல்லை, அவ்வளவே. எட்டுப் புள்ளிகள் இட்டுத் தாவிப் பாருங்கள். 1, 3, 5, 7 என்று போய் மீண்டும் 1இலேயே விழுவீர்கள். இரட்டைப்படை எண்கள் பட்டினிதான். இந்த எஞ்சின்களில் ஒரு வரிசையில் எப்போதும் ஒற்றைப்படையில் சிலிண்டர்கள் இருப்பதன் காரணம் விளங்குகிறதல்லவா?

ஒரு சுற்றுக்கு நாலரைப் பொறி வேண்டும். மாக்னட்டோ தருவது சுற்றுக்கு இரண்டு. ஆகவே எஞ்சின் ஒரு முறை சுற்றும்போது மாக்னட்டோ 2¼ முறை சுற்ற வேண்டும். எந்தப் பிளக் என்பதைப் பிரஷ்ஷும் வளையமும் தீர்மானிக்கின்றன. எந்தக் கணம் என்பதைத் தீர்மானிப்பது தொடுமுனைகள் மட்டுமே. நேரத்தைச் சீரமைப்பவர் கண் வைக்க வேண்டியது அங்கேதான்.

முதல் வேலை, தொடுமுனைகள் முழுதும் விலகியிருக்கும்போது உள்ள இடைவெளியைச் சுமார் 0.4 மில்லிமீட்டருக்குச் சரி செய்வது. இதைப் பின்னால் செய்தால் எல்லா உழைப்பும் வீண். இடைவெளியைக் கூட்டினால் முனைகள் முன்னதாகவே விலகும், நேரமும் மாறிவிடும்.

அடுத்து 1ஆம் சிலிண்டரின் பிளக்கைக் கழற்றி, துளையை விரலால் மூடி எஞ்சினை அது ஓடும் திசையில் சுற்ற வேண்டும். விரலைக் காற்று வெளித்தள்ளினால் அது அழுத்த வீச்சு. இதைப் பாராமல் வெளியேற்று வீச்சில் அமைத்துவிட்டால், 1ஆம் சிலிண்டர் மட்டுமல்ல, ஒன்பதும் தவறான சுற்றிலேயே பொறி பெறும்.

பிறகு மேல் நிலைப்புள்ளி. ரோட்டரியில் சிலிண்டரே கடிகார முள்போல வெளியே தெரிவதால், தூக்குக்குண்டு நூலைத் தொங்கவிட்டுப் பார்த்தால் போதும் என்று நினைப்போம். விமானம் நிற்கும் தரை பக்கவாட்டில் இரண்டு பாகை சரிந்திருந்தால் கணக்கும் இரண்டு பாகை பிழைக்கும்! பிஸ்டனின் உயரத்தை அளப்பது நம்பகமானது. ஆனால் அதிலும் ஒரு பொறி இருக்கிறது. பழைய நோம் எஞ்சினில் பிஸ்டன் ஓட்டம் 120 மில்லிமீட்டர். கிராங்க்கின் ஆரம் 60. உச்சியிலிருந்து 3 பாகை விலகினால் பிஸ்டன் நகர்வது ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டர்தான். கொசைன் வளைகோடு உச்சியில் தட்டையாக இருப்பதன் விளைவு இது. எனவே உச்சியை நேரே தேடக்கூடாது. உச்சிக்கு இருபுறமும் பிஸ்டன் ஒரே உயரத்தில் நிற்கும் இரண்டு இடங்களைக் குறித்துக்கொண்டு, இடையே உள்ள கோணத்தைச் சரிபாதியாகப் பிரித்தால் நடுவே உச்சி கிடைக்கும். முக்கோணவியல் பாடம் மெக்கானிக்கின் கையில் பிழைப்புக்கு உதவுவதை இங்கே காணலாம்.

உச்சி தெரிந்ததும், எஞ்சினை அங்கிருந்து 40 பாகை போலப் பின்னுக்குத் திருப்பி, மறுபடி ஓடும் திசையிலேயே கொண்டுவந்து 25 பாகைக் குறியில் நிறுத்த வேண்டும். பற்சக்கரங்களுக்கு இடையே உள்ள தளர்வு இவ்வாறு ஒரே பக்கம் ஒதுங்கும். இப்போது மாக்னட்டோவின் தொடுமுனைகளுக்கிடையே சிகரெட் சுற்றும் மெல்லிய தாளைச் செருகி, லேசாக இழுத்தபடி மாக்னட்டோ அச்சை அதன் ஓடும் திசையில் திருப்ப வேண்டும். தாள் நழுவும் கணமே முனைகள் விலகும் கணம். அந்த நிலையில் பற்சக்கரங்களைக் கோத்துவிட வேண்டும். நம் ஊரில் பழைய மோட்டார் சைக்கிளைப் பழுது பார்த்த பெரியவர்களைக் கேளுங்கள். இந்தத் தாள் வித்தையை அவர்களும் சொல்வார்கள்.

பெரிய சக்கரத்துக்கு 90 பற்களும் மாக்னட்டோச் சக்கரத்துக்கு 40 பற்களும் இருப்பதாகக் கொண்டால், ஒரு பல் தவறிக் கோத்தாலே 4 பாகை பிழை. ஆகவே கோத்தபின் எஞ்சினை இரண்டு சுற்று சுற்றித் தாளை மீண்டும் வைத்துப் பார்க்காமல் கைகழுவக் கூடாது. வளையத்தையும் பெட்ரோலால் துடைக்க வேண்டும். இந்த எஞ்சின்கள் உயவுக்குக் குடித்தது நம் வீட்டு விளக்கெண்ணெய். எஞ்சினிலிருந்து தெறிக்கும் அந்த எண்ணெயோடு கரித்தூளும் சேர்ந்து படிந்தால், மின்சாரம் ஒரு துண்டிலிருந்து அடுத்ததற்குத் தாவிவிடும்.

இன்னொரு எச்சரிக்கை. மின்கலத்தோடு ஓடும் சுற்றில் ஸ்விட்ச்சைத் திறந்தால் மின்சாரம் நிற்கும். மாக்னட்டோவில் நேர்மாறு: ஸ்விட்ச்சை மூடி, முதன்மைச் சுற்றை எஞ்சின் உடலோடு இணைத்தால்தான் பொறி நிற்கும். அந்தக் கம்பி எங்காவது அறுந்திருந்தால், ஸ்விட்ச் "ஆஃப்" என்று காட்டும், மாக்னட்டோ விழித்திருக்கும்! புரொப்பெல்லரை மெதுவாகத் திருப்பினாலும் வெடிக்கலாம். இங்கிலாந்தில் ஷட்டில்வொர்த் சேகரிப்பில் இன்றும் லெ ரோன் எஞ்சினோடு சாப்வித் பப் விமானம் பறக்கிறது. இத்தகைய எஞ்சினை அணுகும் எவரும், ஸ்விட்ச் எந்த நிலையில் இருந்தாலும், அது வெடிக்கத் தயாராக இருப்பதாகவே எண்ணித்தான் கை வைக்க வேண்டும்.

ரீம்ஸில் ஃபார்மன் பறந்த நோம் எஞ்சினுக்கு ஏழு சிலிண்டர்கள். அதன் வெடிப்பு வரிசையையும், எஞ்சின் ஒரு முறை சுற்றினால் மாக்னட்டோ எத்தனை முறை சுற்ற வேண்டும் என்பதையும் நீங்களே கணக்கிடுங்கள். 1¾ என்று வந்தால் சரி.