பழைய மீட்டரும் புதிய மீட்டரும்

பெரியாற்று நீரைக்கொண்டு இயங்கும் லோயர் கேம்ப் மின்நிலையம் 1958-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்றது. இன்று போடி மலையடிவாரத்தில் மின்விளக்கில்லாத வீட்டைக் காண்பது அரிது. ஆயினும், மரக்காலையும் ஏலக்காய் நிறுக்கும் தராசையும் ஐயத்தோடு நோக்கும் நாம், மின்சாரத்தை அளக்கும் பெட்டியை மட்டும் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை.

பழைய மீட்டரின் கண்ணாடிக்குள் ஓர் அலுமினியத் தட்டுச் சுழல்வதைப் பலரும் கண்டிருப்போம். மின்னழுத்தத்தால் இயங்கும் சுருள் ஒன்று, வீட்டுக்குள் பாயும் மின்னோட்டத்தால் இயங்கும் சுருள் மற்றொன்று. இவ்விரண்டும் சேர்ந்து தட்டைச் சுழற்றுகின்றன. நிலைக்காந்தம் ஒன்று அதன் வேகத்தை மட்டுப்படுத்துகிறது. சுற்றுகளைப் பற்சக்கரங்கள் எண்ணி யூனிட்டாகக் காட்டுகின்றன. ஆண்டுகள் செல்லச் செல்ல அச்சின் தாங்கி தேய்கிறது, தூசி படிகிறது, தட்டு மந்தமாகிறது. காந்தம் வலுவிழந்தாலோ, தட்டு வேகமாகவும் ஓடக்கூடும். ஆகவே, பழைய மீட்டரால் எப்போதும் மின்வாரியத்திற்கே நஷ்டம் என்று எண்ணுவது சரியன்று.

தேய்ந்த தட்டுச் சிறு உபயோகத்திற்கு அசைந்து கொடுப்பதில்லை. அந்நாளில் 40 வாட், 60 வாட் குண்டு விளக்குகள் எரிந்தன. இன்றோ 9 வாட் எல்.இ.டி. விளக்கும், கைப்பேசி சார்ஜரும், அணைத்த பிறகும் மின்சாரம் இழுக்கும் தொலைக்காட்சிப் பெட்டித் துணைக்கருவியும் உள்ளன. 10 வாட் இழுக்கும் கருவி ஒன்று இரவும் பகலும் இயங்கினால் இரண்டு மாதத்தில் 14.4 யூனிட் ஆகும். பழைய தட்டுக் கணக்கில் கொள்ளாத இதைப் புதிய மின்னணு மீட்டர் எண்ணிவிடும். மாற்றியவுடன் "புதுப் பெட்டி ஓடுகிறது" என்று குறை கூறப்படுவதற்கு இது ஒரு காரணம். வேறு காரணங்களும் இருக்கலாம். அதனால் சோதித்தறிதல் அவசியம்.

ராசிங்காபுரம் போன்ற ஊர்களில் மற்றொரு சங்கடமும் உண்டு. ஏலத் தோட்டங்களுக்குச் செல்லும் தொழிலாளர்கள் விடியுமுன்பே ஜீப்பில் ஏறிவிடுகின்றனர். கணக்கெடுப்பவர் வரும் வேளையில் கதவு பூட்டிக் கிடக்கிறது. மீட்டரோ வீட்டினுள்! கணக்கெடுப்பு ஒரு வாரம் தள்ளிப்போனாலும் அந்த வார உபயோகமும் அதே பட்டியலில் ஏறும். 2022-இல் திருத்தப்பட்ட கட்டண வரிசைப்படி, இரு மாத உபயோகம் 500 யூனிட்டைக் கடந்தால், அதற்குக் கீழ்ப்பட்ட யூனிட்டுகளில் ஒரு பகுதிக்கும் உயர்ந்த விகிதமே வருகிறது. 495 யூனிட்டில் நிற்க வேண்டியவர் 510-க்கு ஏறினால், கூடுதல் 15 யூனிட்டின் விலையோடு தப்ப இயலாது.

ஸ்மார்ட் மீட்டர் தன் கணக்கைத் தானே வானலை வழியாக அனுப்புவதால் இச்சங்கடம் நீங்கும். மலையடிவாரத்தில் அலை எட்டாத இடங்களில் என் செய்வது என்று கேட்கலாம். தொடர்பு அறும்போது மீட்டர் கணக்கைத் தன்னுள்ளே சேமித்து வைத்துப் பின்னர் அனுப்பும். எனினும், தொடர்பு நிலையாகக் கிடைக்க மின்வாரியம் முன்கூட்டியே வழி செய்தல் வேண்டும்.

மத்திய அரசின் மின்பகிர்மானச் சீரமைப்புத் திட்டம் 2021-இல் அறிவிக்கப்பட்டது. நம் மாநிலத்தில் சென்னை தியாகராய நகரில் முதலில் ஸ்மார்ட் மீட்டர்கள் பொருத்தப்பட்டன. மாநிலம் முழுமைக்குமாக 2023-இல் கோரப்பட்ட ஒப்பந்தப்புள்ளி 2024 இறுதியில் ரத்தாயிற்று. பம்புசெட்டுக்கும் இது வருமோ என்பது விவசாயிகளின் அச்சம். மேற்படி மத்தியத் திட்டத்தின் முன்பணம் செலுத்தும் மீட்டர் விதியிலிருந்து விவசாய இணைப்புகள் விலக்கப்பட்டுள்ளன என்பதைப் பஞ்சாயத்து அங்கத்தினர்கள் எடுத்துரைக்கலாம்.

இப்போதுள்ள மீட்டரை வீட்டிலேயே ஒருவாறு சோதிக்கலாம். எல்லாக் கருவிகளையும் நிறுத்துங்கள். அப்போதும் தட்டுச் சுழன்றாலோ, சிறு விளக்கு மினுக்கினாலோ, கம்பியில் கசிவு இருக்கலாம். அன்றேல் மீட்டரிலேயே கோளாறு இருக்கலாம். பிறகு 1,000 வாட் நீர்சுடுகம்பி ஒன்றை மட்டும் நீர் நிறைந்த வாளியிலிட்டு 6 நிமிடம் ஓடவிடுங்கள். நீரை எவரும் தொடலாகாது. ஆகவேண்டியது 0.1 யூனிட். ஒரு யூனிட்டிற்கு 3,200 மினுக்கு என்று முகப்பில் எழுதியிருந்தால், 320 மினுக்கு வரவேண்டும். கடைசிக் கம்பத்து வீட்டில் மின்னழுத்தம் தாழ்ந்திருந்தால் எண்ணிக்கை குறையும். அது மீட்டரின் குற்றமன்று. முத்திரையை மட்டும் தொடவேண்டாம். அது சட்டப்படி குற்றம்.

மீட்டர் மாற்ற வருங்கால் பழைய மீட்டரின் எண்ணையும் கடைசி அளவையும், புதியதன் எண்ணையும் தொடக்க அளவையும் வந்தவரின் கையொப்பத்துடன் எழுதி வாங்குதல் வேண்டும். கைப்பேசியில் படமும் எடுத்துக்கொள்ளலாம். பழைய மீட்டர் கழற்றப்பட்ட பின் அந்த அளவைக் காட்ட வேறு சாட்சி கிடைப்பது கடினம். கணக்கு மிகையென்று தோன்றினால் எழுத்துமூலம் புகார் செய்யலாம். 2024-இல் திருத்தப்பட்ட மின்நுகர்வோர் உரிமை விதிகளின்படி, புகார் கிடைத்த 5 நாட்களுக்குள் சரிபார்ப்பு மீட்டர் ஒன்று கூடுதலாகப் பொருத்தப்பட வேண்டும். குறைந்தது 3 மாதம் இரண்டின் கணக்கையும் ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும்.

தெருவிளக்கிற்கும் குடிநீர் மோட்டாருக்கும் உரிய மீட்டர்களின் கட்டணம் பஞ்சாயத்து நிதியிலிருந்தே செல்கிறது. அவற்றின் அளவை மாதம் ஒருமுறை குறித்து வைக்க ஒரு நோட்டுப் புத்தகம் போதும்.