அங்கன்வாடியில் செல்போன்: சிவகாசி வட்டார அனுபவங்கள்

விருதுநகர் மாவட்டத்து அங்கன்வாடிகளில் முன்பருவக் கல்விக்கான டிஜிட்டல் கருவி பெரும்பாலும் பணியாளர் கையிலுள்ள செல்போன்தான். எடை, உயரம், வருகை எல்லாவற்றையும் 2021 முதல் போஷன் டிராக்கர் செயலியில் பதிவதும் அதில்தான். இந்தப் பதிவு வேலையைக் கதை நேரத்தில் வைத்துக்கொள்ளக் கூடாது. சொல்பவரின் கண் திரையில் இருந்தால் கதை பிள்ளைகளைச் சேராது. அவர்கள் தூங்கும் நேரமே பதிவுக்கு ஏற்றது.

செல்போனின் சின்னத் திரையைச் சுற்றி இருபது பிள்ளைகள் கூடினால் முண்டியடிப்பும் அழுகையும்தான். ஒலிக்கு இந்தச் சிக்கல் இல்லை. ஆட்டின் கத்தல், மினிபஸ் ஹார்ன், குடம் நிரம்பும் சத்தம் என உள்ளூர் ஒலிகளைப் பதிந்து, ஒவ்வொன்றாகக் கேட்கவிட்டு என்னவென்று கேட்டால், வாயே திறக்காத பிள்ளையும் பதில் சொல்லிவிடும். தமிழக அங்கன்வாடிகளின் ‘ஆடிப்பாடி விளையாடு பாப்பா’ பாடத்திட்டம் கருப்பொருள் வாரியாக அமைந்தது என்பதால், ஒலிகளையும் அப்படியே பிரித்து வைக்கலாம்.

காணொளி, நேரில் காட்ட முடியாதவற்றுக்கு மட்டும் போதும்: கடல், திமிங்கிலம், பனிமலை. கத்தரிக்காய்க்குத் திரை எதற்கு? சமையலுக்கு வந்த காயையே கையில் கொடுக்கலாம். 2 முதல் 4 வயதுப் பிள்ளைகள் உட்கார்ந்து திரை பார்ப்பது நாளுக்கு 1 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்பது உலக சுகாதார அமைப்பின் 2019 வழிகாட்டுதல். வீட்டில் பார்ப்பதும் இதில் சேரும் என்பதால் அங்கன்வாடியில் சில நிமிடங்களே தாராளம். முன்கூட்டியே பதிவிறக்கி வைத்து, நடுவில் நிறுத்தி, “அடுத்து என்ன ஆகும்?” என்று கேட்க வேண்டும். சிவகாசியில் அச்சான படத்தாள் சுவரில் இருந்தால், திரையில் கண்டதை அதில் தேடச் சொல்லலாம். அந்தப் படம் நாள் முழுக்க அங்கேயே இருக்கும். நினைத்தபோது போய்த் தொட்டுப் பார்க்கலாம்.

இந்த வட்டாரத்தில் செல்போனின் பெரிய பயன் பெற்றோரிடம்தான். பட்டாசு ஆலைக்குப் போகும் தாய்மார் காலையில் வேன் ஏறினால் மாலைதான் வீடு திரும்புகிறார்கள். வெடிமருந்து புழங்கும் இடத்துக்குள் செல்போன் கொண்டுபோகக் கூடாது. அதனால் செய்திகளை அவர்கள் வீடு சேர்ந்தபின் கேட்கும்படி, குரல் பதிவாக அனுப்புவது நல்லது; அடுப்படியில் வேலை பார்த்துக்கொண்டே கேட்டுவிடுவார்கள். பிள்ளை அன்று சொன்ன கதையை அதன் குரலிலேயே அனுப்பி, “திரும்பச் சொல்லச் சொல்லிக் கேளுங்கம்மா” என்று சேர்த்தால், பகலெல்லாம் பிரிந்திருந்த தாயும் பிள்ளையும் பேசிக்கொள்ள ஒரு பொருள் கிடைக்கிறது. செல்போன் இல்லாத வீடுகளுக்கு, கூட்டிப்போக வரும் பாட்டியிடம் நேரில் சொல்லியனுப்பலாம். பிள்ளைகளின் படங்களைப் பெற்றோர் சம்மதமின்றிக் குழுவிலோ ஸ்டேட்டஸிலோ போடக் கூடாது; குரல் பதிவும் அந்தந்த வீட்டு எண்ணுக்கு மட்டுமே போக வேண்டும்.