வாகனத் தண்டும் தோள்களின் பங்கும்

உத்ஸவ காலத்தில் எம்பெருமான் கருட வாகனத்தில் வீதி வலம் வரும் அழகைச் சேவிக்கும் அன்பர்கள், தண்டின் கீழ் வரிசையாக நிற்கும் ஸ்ரீபாதந்தாங்கிகளையும் சற்றே நோக்க வேண்டும். பதினாறு பேர் தாங்கினால் பாரமும் பதினாறு சம பங்காகி விட்டது என்று நாம் எண்ணுகிறோம். அவ்வாறன்று. வாகனம் தண்டுகளின் நடுவே அமையாவிடில் ஒருவர் தோள் கன்றிப்போகும். மற்றொருவர் பெயருக்குத் தாங்குவார். எம்பெருமானை எடை போடுவது அபசாரம் அன்றோ எனச் சிலர் ஐயுறலாம். நாம் இங்குக் கணக்கிடுவது அடியார்களின் தோள் சுமையையே.

இதற்குப் புதிய வித்தை எதுவும் வேண்டுவதில்லை. 1150-ஆம் ஆண்டில் பாஸ்கராசாரியர் இயற்றிய லீலாவதியில், த்ரைராசிகத்தை அடுத்து வ்யஸ்த த்ரைராசிகம் என்றொரு முறை உண்டு. ஒன்று கூட மற்றொன்று குறையும் இடங்களுக்கு உரியது அது. தோள் சுமையும் அத்தகையதே. பார மையத்துக்கு அருகில் இருப்பவருக்குப் பங்கு மிகுதி. தூரத்தில் இருப்பவருக்குக் குறைவு.

வாகனம், திருவாபரணங்கள், மாலைகள், தண்டுகள் யாவும் சேர்ந்து 600 கிலோ எனக் கொள்வோம். முன் அணியின் நடுவுக்கும் பின் அணியின் நடுவுக்கும் இடையே 16 அடி. பார மையம் முன் அணியிலிருந்து 6 அடியிலும், பின் அணியிலிருந்து 10 அடியிலும் உள்ளது. தூரம் 6-க்கு 10 என்றால் சுமை 10-க்கு 6. ஆகவே முன்புறம் 375 கிலோ, பின்புறம் 225 கிலோ. இருபுறமும் எட்டெட்டுப் பேர் நின்றால் முன்னவர் ஒவ்வொருவருக்கும் ஏறக்குறைய 47 கிலோ. பின்னவருக்கு 28 மட்டுமே. முன்னே பத்துப் பேரும் பின்னே ஆறு பேருமாக நிற்கட்டும். அனைவர்க்கும் 37½ கிலோவே வரும்!

பக்கவாட்டுச் சாய்வைப் பலர் பொருட்படுத்துவதில்லை. இரு தண்டுகளுக்கும் இடைவெளி 4 அடியாக இருக்க, பார மையம் வலப்புறம் மூன்றே அங்குலம் விலகினால், வலத் தண்டில் 337½ கிலோவும் இடத் தண்டில் 262½ கிலோவும் இறங்கும். மூன்று அங்குலத்துக்கு 75 கிலோ வேற்றுமை! மாலைகளை ஒரு பக்கமாகக் குவிப்பதும், வாகனத்தின் மேல் ஏறி நிற்கும் அர்ச்சகர்களாகிய நாங்கள் ஓரமாக ஒதுங்குவதும் கீழே இருப்பவருக்கு எத்தகைய தண்டனை என்பது இதனால் விளங்கும்.

பார மையத்தைக் கண்ணால் மதிப்பிட்டால் போதாது. வெள்ளோட்டத்தின்போது பீடத்தில் உரிய எடைக்கு அரிசி மூட்டையை வைத்து, தண்டுகளின் குறுக்கே கீழே ஓர் உருளைக் கட்டையைக் கொடுத்து, முன்னும் பின்னும் சாயாது நிற்கும் இடத்தைச் சுண்ணாம்பால் குறித்துக்கொள்ளலாம்.

சரிவான வீதியில் இக்குறியும் மாறும். பார மையம் தண்டுக்கு மேலே 4 அடி உயரத்தில் இருந்து, வீதி பத்தடிக்கு ஓரடி தாழ்ந்தால், மையம் கிட்டத்தட்ட 5 அங்குலம் பள்ளத்துப் பக்கம் நகரும். பள்ளத்தில் நிற்பவருக்கே அதிகச் சுமை.

எல்லாவற்றினும் அபாயமானது மூலைகளின் கணக்கு. பார மையம் சரியாக நடுவில் இருந்து, மூலைக்கு நால்வராகப் பதினாறு பேர் தாங்குவதாகக் கொள்வோம். முன் வலது மூலையார் குழியில் இறங்க, தண்டு அவர்கள் தோளை விட்டு விலகுகிறது. அச்சுமை மற்ற மூவருக்கும் சமமாகப் பிரியும் என்று தோன்றும். சட்டம் கெட்டியானதாகையால் அப்படி நிகழாது. எதிர் மூலையான பின் இடதுபுறத்தாரின் சுமையும் உடனே நீங்க, மிஞ்சிய இரு மூலைகளில் 300, 300 கிலோவாக இறங்கும். 37½ கிலோ தாங்கியவர் நொடியில் 75 கிலோ தாங்க வேண்டும். ஒரே உயரமுள்ளவர்களைத் தேர்ந்து நிறுத்துவதும், உயரம் குறைந்தவர் தோளில் துணியைக் கனமாக மடித்து வைத்துக்கொள்வதும் இதன் பொருட்டே.