யாருடைய அளவுகோல்?

நீங்கள் அமர்ந்திருக்கும் அறையை ஒருமுறை சுற்றிப் பாருங்கள். மேசை, நாற்காலி, புத்தக அலமாரி, மின்விளக்கு, தட்டில் மீதமிருக்கும் பலகாரம் எல்லாம் உங்களுக்குத் தெரிகின்றன. அதே அறையில் ஒரு நாய் படுத்திருக்கிறது. ஓர் ஈயும் பறந்து கொண்டிருக்கிறது என்று வைத்துக் கொள்வோம். அவையும் இதே அறையைத்தான் காண்கின்றனவா?

இந்தக் கேள்விக்கு, எஸ்தோனியாவில் பிறந்த ஜாகோப் ஃபான் யுக்ஸ்கூல் என்ற உயிரியல் அறிஞர் படங்களின் மூலம் விடை கூறினார். 1934-ஆம் ஆண்டில் வெளிவந்த அவரது நூலுக்குப் படம் வரைந்தவர் கியார்க் கிரிசாட். ஒரே அறையை அவர்கள் மூன்று முறை வரைந்து காட்டினார்கள். மனிதனுக்கான படத்தில் அலமாரி, நாற்காலி, மேசை ஒவ்வொன்றுக்கும் ஒரு தனி வண்ணம். நாய்க்கான படத்தில் உணவும் உட்காரும் இடங்களும் தனித்துத் தெரிகின்றன. புத்தக அலமாரி வெறும் தடையாகிவிடுகிறது. ஈக்கான படத்திலோ விளக்கும், மேசை மேலுள்ள தட்டு, கோப்பைகளும் மட்டுமே முக்கியம். மற்றவை எல்லாம் அது ஊர்ந்து செல்லும் தரை மட்டுமே!

ஒவ்வொரு பிராணியும் தன் புலன்களாலும் தேவைகளாலும் தனக்கென ஓர் உலகை அமைத்துக் கொள்கிறது என்பதே யுக்ஸ்கூலின் கருத்து. ஆனால் பிராணியின் கண் கொண்டு படம் வரைவது பொழுதுபோக்குதானே, விஞ்ஞானத்திற்கு இதனால் என்ன பயன் என்று நீங்கள் கேட்கலாம். பயன் உண்டு. அதற்கு ஒரு யானையின் கதையைக் கேளுங்கள்.

யானை ஏன் குச்சியை எடுக்கவில்லை?

1910-களில் தெனெரீஃப் தீவில் வொல்ஃப்காங் கோலர் என்பவர் சிம்பன்சிகளைப் பரிசோதித்தார். பழம் எட்டாத உயரத்தில் தொங்கும். குச்சிகளும் பெட்டிகளும் அருகில் கிடக்கும். குச்சியால் இழுத்தும், பெட்டிகளை அடுக்கி ஏறியும் சிம்பன்சிகள் பழத்தை எடுத்தன. கருவியைப் பயன்படுத்திச் சிக்கலைத் தீர்ப்பது அறிவின் அடையாளம் என்று கருதப்பட்டது.

பிற்காலத்தில் யானைகளுக்கும் இதே போன்ற சோதனையை வைத்து, எட்டாத உணவை எடுக்கக் குச்சி கொடுத்தார்கள். யானைகள் குச்சியைக் கொண்டு உணவை இழுக்கவில்லை. அப்படியானால் யானைக்கு அந்த அளவு அறிவு இல்லை என்று முடிவு கட்டிவிடலாமா?

சற்றுப் பொறுங்கள்! யானையின் தும்பிக்கை நம் கை போன்றது மட்டுமன்று. அதுவே மூக்கும் ஆகும். உணவு எங்கே இருக்கிறது என்பதை யானை பெரிதும் மோப்பத்தால் அறிகிறது. தும்பிக்கையின் நுனியைச் சுருட்டிக் குச்சியைப் பிடித்தால் மோப்பம் தடைப்படுகிறது. பேனாவைப் பிடித்தவுடன் உங்கள் கண்கள் தாமாக மூடிக்கொள்ளும் என்றால் தேர்வில் உங்களால் எழுத முடியுமா? ஈ ஓட்டுவதற்கு மரக்கிளையை அழகாகப் பயன்படுத்தும் யானை, உணவெடுக்க மட்டும் குச்சியை ஒதுக்குவது ஏன் என்று இப்போது புரிகிறதல்லவா?

வாஷிங்டன் தேசிய விலங்கியல் பூங்காவில் 7 வயது ஆண் யானை ஒன்று இருந்தது. துட்டகைமுனு மன்னனின் யானையின் பெயரான கண்டுல என்பதே அதன் பெயர். ஆராய்ச்சியாளர்கள் உணவை உயரத்தில் தொங்கவிட்டு, குச்சிகளுடன் ஒரு பெரிய பிளாஸ்டிக் கனசதுரத்தையும் அதன் அருகே வைத்தார்கள். கண்டுல உணவை எடுக்கக் குச்சிகளைப் பயன்படுத்தவில்லை. சில நாட்கள் கழித்து, கனசதுரத்தை உருட்டிச் சென்று உணவுக்கு நேர் கீழே நிறுத்தியது. முன்னங்கால்களை அதன் மேல் வைத்து ஏறி, தும்பிக்கையை நீட்டி உணவைப் பறித்தது! கனசதுரத்தை எடுத்துவிட்ட போது டிராக்டர் டயரைப் பயன்படுத்தியது. 2011-ஆம் ஆண்டில் இந்த ஆய்வு வெளியாயிற்று. உடன் சோதிக்கப்பட்ட மற்ற இரு யானைகள் இவ்வாறு செய்யவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஆயினும், ஒரு யானை செய்ததே பழைய முடிவு அவசர முடிவு என்று காட்டப் போதுமானது.

கைகளில் பரவிய அறிவு

யானையாவது நம்மைப் போலப் பாலூட்டி. நமக்கு மிகத் தொலைவான பேய்க்கணவாயை, அதாவது ஆக்டோபஸை, எடுத்துக் கொள்ளுங்கள். அதற்குச் சுமார் 50 கோடி நரம்பணுக்கள் உண்டு. அவற்றில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு தலையில் இல்லை. எட்டுக் கைகளில் பரவியுள்ளன. அதன் உறிஞ்சிகள் தொட்ட பொருளைச் சுவைத்தும் அறிகின்றன. தொடுவதும் சுவைப்பதும் ஒன்றாகிவிட்ட உலகம் எப்படி இருக்கும்?

ஆழ்கடலில் வாழும் ‘வாம்பைரோடியூதிஸ்’ என்ற உயிரினம் ஆக்டோபஸின் உறவினம். விலெம் ஃப்ளுசர் என்ற தத்துவ அறிஞரும் லூயி பெக் என்ற ஓவியரும் 1987-இல் அதைப் பற்றி ஒரு வினோதமான நூலை வெளியிட்டனர். தோலின் நிறத்தாலும் ஒளியாலும் பேசி, கலை படைக்கும் ஓர் அறிவாளியாக அதைக் கற்பனை செய்தார்கள். அதன் எதிரே மனிதனை நிறுத்திப் பார்த்தார்கள். இது நிரூபிக்கப்பட்ட விஞ்ஞானமன்று. ஆனால் “அறிவு என்றால் மனித அறிவுதான்” என்ற நம் பழக்கத்தை அது அசைத்துவிடுகிறது.

கணக்குப் போட்ட குதிரை

கற்பனைக்குக் கடிவாளமும் வேண்டும். 1904-இல் பெர்லின் நகரில் ஹான்ஸ் என்ற குதிரை புகழ் பெற்றிருந்தது. கூட்டல் கணக்கைக் கேட்டால், விடையைக் குளம்பால் தட்டிச் சொல்லும்! ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் என்பவர் அதைச் சோதித்தார். கேள்வி கேட்பவருக்கே விடை தெரியாதபோது குதிரையும் விழித்தது. சரியான எண் வந்தவுடன் கேட்பவரின் தலை, அவர் அறியாமலே மிகச் சிறிது அசையும். அதைக் கண்டே ஹான்ஸ் தட்டுவதை நிறுத்தியது என்று 1907-இல் அவர் விளக்கினார்.

யானையிடம் அறிவில்லை என்றவர்களும், குதிரை கணக்குப் போடுகிறது என்றவர்களும் செய்த தவறு ஒன்றே. இருவரும் மனிதனின் அளவுகோலையே பிடித்திருந்தனர். மனிதர் கண்ணுக்கே தப்பிய அசைவைக் குதிரை கவனித்ததே, அந்தத் திறமையை முதலில் யாரும் தேடவில்லை! ஓர் உயிரை மந்தமானது என்று முத்திரை குத்திவிட்டால், அதன் மேல் நாம் காட்டும் பரிவும் குறைந்துவிடும். ஆகவே, அளவுகோலைச் சரிபார்ப்பது நம் கடமை.

நீங்களும் வரையுங்கள்

உங்கள் வகுப்பறையை இரண்டு முறை வரையுங்கள்: ஒன்று உங்களுக்கு, மற்றொன்று எறும்புக்கு. எறும்புக்குப் பயன்படுபவற்றிற்கு மட்டும் வண்ணம் தீட்டுங்கள். ஒவ்வொன்றையும் அது எந்தப் புலனால் அறியும் என்று பக்கத்தில் எழுதுங்கள்.

பிறகு உங்கள் ஊகத்தைச் சோதியுங்கள். சர்க்கரையை நாடி வரிசையாகச் செல்லும் எறும்புகளின் பாதையில், ஒரு விரல் நீளத்தை ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள். எறும்புகள் அங்கே வந்ததும் என்ன செய்கின்றன? எவ்வளவு நேரத்தில் வரிசை மீண்டும் சேர்கிறது? குறித்து வையுங்கள். உங்கள் படம் சரியா, தவறா என்பதை எறும்புகளே உங்களுக்குச் சொல்லும்.