எடை குறைந்தது, சரி. எது குறைந்தது?

வாரம் ஒருமுறை வயிற்றில் மௌன்ஜாரோ ஊசி போட்டுக்கொள்கிறேன் என்று தெரிந்ததும் நாத்தனார் கேட்டாள்: "போட்ட இடத்துல கொழுப்பு கரைஞ்சிடுமா அண்ணி?"

கரையாது. அது மருந்து உள்ளே போகும் வழி, அவ்வளவுதான். மௌன்ஜாரோவில் இருக்கும் டிர்செபடைட் என்ற மருந்து ரத்தத்தில் கலந்து மூளையில் பசியைத் தணிக்கிறது. இரைப்பையும் மெதுவாகக் காலியாகிறது. சாப்பாடு குறைய, உடம்பு சேர்த்து வைத்த கொழுப்பை எடுத்துச் செலவழிக்கிறது. கொழுப்பு செல்கள் சுருங்கும். எண்ணிக்கை அப்படியேதான் இருக்கும். ஆண்டுக்குப் பத்தில் ஒரு பங்கு செல்கள் அழிந்தாலும் அதே அளவு புதிதாக உருவாகிவிடும் என்று ஸ்வீடன் ஆய்வாளர்கள் 2008-ல் காட்டினார்கள். ஊசியை நிறுத்தினால் பசி திரும்பும், சுருங்கிய செல்கள் மறுபடி நிரம்பும். இதே போன்ற இன்னொரு ஊசி மருந்தான செமாக்ளூடைட் பற்றிய ஆய்வொன்றில், நிறுத்திய ஓராண்டில் இழந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பிவந்தது.

நல்ல சேதி, கல்லீரலையும் குடலையும் சுற்றியிருக்கும் உள்கொழுப்பும் குறைகிறது. சர்க்கரைக்காரர்களுக்கு அதுதான் முக்கியம். அதனால் எடை மிஷினைவிட டேப்பை நம்புகிறேன். இடுப்புச் சுற்றளவு பெண்களுக்கு 80 செ.மீ., ஆண்களுக்கு 90 செ.மீ.க்குள் இருப்பது நல்லது.

ஆனால் போவது கொழுப்பு மட்டுமல்ல. டிர்செபடைட் ஆய்வில் குறைந்த எடையில் ஏறக்குறைய கால் பங்கு கொழுப்பல்லாத திசு. தசையும் அதில் அடக்கம். "கன்னம் ஒட்டிப்போச்சே, உடம்புக்கு என்ன?" என்று ஊரே விசாரித்தபோது நான் கண்டுகொள்ளவில்லை. மாவு அரைத்து முடித்துக் கிரைண்டர் கல்லைத் தூக்கும்போது கை நடுங்கியதும்தான் உறைத்தது. இப்போது தட்டில் முதலில் முட்டை அல்லது சுண்டல், சோறு பிறகுதான். நாலு வாயில் வயிறு நிரம்பிவிடுகிறதே, அந்த நாலு வாயில் புரதம் போகட்டும். (சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் அளவை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.) நடை மட்டும் தசைக்குப் போதாது, நாற்காலியில் கை ஊன்றாமல் உட்கார்ந்து எழுகிறேன், தண்ணீர் பாட்டிலைத் தூக்கி இறக்குகிறேன்.

ஊசி போட்ட மறுநாள் நெய் ரோஸ்ட் வேண்டாம், வாந்தி வரலாம். வலது விலாவுக்குக் கீழே விடாமல் வலித்தால் வாயு என்று ஓமம் மென்றுகொண்டிருக்காமல் டாக்டரிடம் ஓடுங்கள். எடை வேகமாக இறங்கும்போது பித்தப்பையில் கல் சேரலாம்.